சோறில்லாத தட்டும் வளர வேண்டிய பிள்ளையும்

மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்குச் சாப்பாட்டாலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: "சோறே போடாம புள்ள எப்படி வளரும்?" அறியாமையில் கேட்பது என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தச் சாப்பாட்டு வைத்தியமான கீட்டோ உணவுமுறைக்கு நூறு வயதாகிவிட்டது. வலிப்பு எவ்வளவு குறைந்தது என்று எண்ணிய கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பிள்ளை எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்று கருத்தாக அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் வந்தவை. அவை சொல்வதைப் பாலாற்றுக் கரைத் தோல் பட்டறை ஊர்களின் அடுப்படியில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

பட்டினி கிடந்தால் வலிப்பு குறையும் என்பது பழைய அனுபவம். 1911இல் பாரிஸ் மருத்துவர்கள் இருவர் அதைச் சிகிச்சையாகவே எழுதினார்கள். ஆனால் எத்தனை நாள் பட்டினி போடுவது? 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வழி சொன்னார்: மாவுச்சத்தை அநேகமாக நிறுத்திக் கொழுப்பை ஏற்றினால், வயிறு நிறைந்திருக்கும்போதே உடம்பு பட்டினியில் இருப்பதாக எண்ணிக் கீட்டோன்களை எரிக்கத் தொடங்கும். 1925இல் அதே இடத்தில் பீட்டர்மன் கணக்கை வகுத்தார்: கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதியெல்லாம் கொழுப்பு. 1938இல் ஃபெனிட்டாயின் வந்ததும், விழுங்கினால் போதும் என்ற மாத்திரைக்கு முன்னால் தராசு வைத்து அளக்கும் சாப்பாடு எடுபடவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓரிரு மருத்துவமனைகளின் கைப்பழக்கமாகவே அது கிடந்தது. 1994இல் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆபிரகாம்ஸ், தன் மகனுக்கு இந்த உணவால் வலிப்பு நின்றதும் மகன் பெயரில் சார்லி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் மும்பையின் ஜனக் நாதன் 1990களில் தொடங்கி, நம் சமையலுக்கு ஏற்ப இதை மாற்றிக் காட்டியவர்களில் முன்னோடி.

வேலூருக்கும் வலிப்பு வைத்தியத்துக்கும் உள்ள உறவு இந்த மும்பை முயற்சியைவிடப் பழையது. நரம்பு அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1952இல் இந்தியாவின் முதல் வலிப்பு அறுவைச் சிகிச்சையும் அங்கேதான் நடந்தது. வேலூர் நகரத்திலும் கணியம்பாடி ஒன்றியத்திலும் ஐம்பதாயிரம் பேரைக் கணக்கெடுத்து 2006இல் ராஜசேகரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேருக்கு 3.83 பேர் வலிப்போடு வாழ்வது தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டியின் அடையாளம் இருந்தது. அந்தக் கட்டியால் வரும் வலிப்பு பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். கீட்டோ உணவு அவர்களுக்கானதன்று. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்புக்கே அது. பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்த குழந்தைகள், வெஸ்ட் சிண்ட்ரோம், ட்ராவே சிண்ட்ரோம் என்ற கடும் வலிப்பு நோய்கள் உள்ளவர்கள், குளுக்கோஸை மூளைக்குள் ஏற்றிச் செல்லும் புரதமே குறைந்த குளூட்-1 குழந்தைகள் — இவர்கள்தான் இந்த உணவுக்கு வருகிறவர்கள். குளூட்-1 குழந்தைக்கு இது கடைசிக் கட்ட முயற்சி அல்ல, முதல் மருந்தே இதுதான்.

இந்தப் பட்டியலிலேயே வளர்ச்சிக் கேள்வியின் சிக்கல் இருக்கிறது. பிறக்கும்போதே மூளை பாதித்த பிள்ளைக்கு விழுங்குவதே கஷ்டம். ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். வலிப்பு மருந்துகளில் டோபிராமேட் பசியைக் குறைக்கும், வால்ப்ரோயேட் சிலருக்கு எடையை ஏற்றும். நடக்காத குழந்தையின் எலும்பு நடக்கிற குழந்தையின் எலும்பைப்போல் நீளாது. கீட்டோ உணவு தொடங்கும் நாளிலேயே பலர் குள்ளமாகவும் மெலிந்தும்தான் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பிள்ளை வளரவில்லை என்றால் பழியை எண்ணெய் மேல் போடுவதா, நோய் மேல் போடுவதா?

அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலைன் வைனிங் குழுவினர் 237 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் உயரத்தில் சிறு சரிவு; இரண்டு வருடம் தொடர்ந்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. மிக இளைய குழந்தைகள்தான் அதிகம் பின்தங்கினார்கள். லண்டனில் எலிசபெத் நீல் 75 குழந்தைகளை அளந்து 2008இல் வெளியிட்டதில் எடை முன்னதாகவே சரிந்தது, உயரம் மூன்று மாதம்வரை தாக்குப்பிடித்து ஆறாம் மாதத்திலிருந்து இறங்கியது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பிரிவினருக்கு எளிதில் கீட்டோனாக மாறும் எம்.சி.டி. எண்ணெய் சேர்த்த உணவு. அதில் கொழுப்பின் பங்கு குறைவு, புரதம் அதிகம். அவர்களாவது நன்றாக வளர்ந்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்? இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் புரதக் குறைவு மட்டும் காரணமில்லை. ஸ்டாக்ஹோமில் 22 குழந்தைகளை வைத்து நடந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு ஒரு துப்புத் தருகிறது. ரத்தத்தில் கீட்டோன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயரம் மந்தப்பட்டது, கூடவே ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் இறங்கியது. மாவுச்சத்து இல்லையென்றால் இன்சுலின் சுரப்பு குறையும். இன்சுலின் குறைந்தால் கல்லீரல் அந்தக் காரணியைக் கொஞ்சமாகத்தான் செய்யும். வளர்ச்சி ஹார்மோன் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே பதில் சொல்ல ஆள் குறைவு. ரத்தத்தில் லேசாக நிலைத்து நிற்கும் அமிலத்தன்மை எலும்பை அரிக்கும். பிலடெல்பியாவில் பெர்க்விஸ்ட் 25 குழந்தைகளின் எலும்பை எக்ஸ்ரே முறையில் அளந்து, கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்துக்கொண்டிருந்தபோதே தாது அளவு தொடர்ந்து குறைந்ததை 2008இல் காட்டினார். வலிப்பை அடக்குகிற அதே கீட்டோன் நிலைதான் வளர்ச்சியையும் பிடித்து வைக்கிறது என்ற சந்தேகம் இப்படி வலுக்கிறது. டயட் சார்ட்டைத் திருத்தி இந்தப் பின்விளைவை முழுக்கப் போக்கிவிட முடியாது, குறைக்கத்தான் முடியும்.

எவ்வளவு சரிவு என்பதைப் பயமில்லாமல் பார்க்க வேண்டும். ஐந்து வயதுப் பையனின் சராசரி உயரம் உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 110 சென்டிமீட்டர். வளர்ச்சி வரைபடத்தில் அரைப் படி (அரைத் திட்ட விலக்கம்) கீழே இறங்குவது என்றால் சுமார் இரண்டேகால் சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு முப்பது முறை விழுந்து எழுகிற பிள்ளைக்கு வலிப்பு பாதியாகக் குறையும் என்றால் எந்தத் தாயும் அந்த இரண்டேகாலை விட்டுக்கொடுப்பாள். விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்தும். ஆனால் இந்தச் சரிவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது ஊருக்கு ஊர் வேறு.

பால்டிமோரிலும் லண்டனிலும் அளந்த பிள்ளைகளோடு இங்குள்ள பிள்ளைகளை அப்படியே ஒப்பிட முடியாது. 2019–21இன் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். 57 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. பிறந்த குழந்தைகளை எட்டு நாடுகளில் தொடர்ந்து கவனித்த மால்-எட் ஆய்வின் ஒரு களம் வேலூரின் குடிசைப் பகுதிகள். ககன்தீப் காங் உள்ளிட்டோர் நடத்திய அந்த ஆய்வு, முதல் இரண்டு வருடத்திலேயே குழந்தைகள் வரைபடத்தில் கீழிறங்குவதைக் காட்டியது. வெளியில் பேதி தெரியாவிட்டாலும் குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஏற்கெனவே இறங்கியிருக்கிற பிள்ளைக்கு இன்னும் அரைப் படி என்பது வேறு கணக்கு.

தராசை வைத்தே பார்க்கலாம். ஐந்து வயது, 14 கிலோ என்று ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 1000 கலோரி, நான்குக்கு ஒன்று விகிதம். கொழுப்பு 100 கிராம். புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 25 கிராம், அவ்வளவுதான். கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் என்றால் 14 கிராம் போய்விடும். மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 11. ஒரே ஒரு இட்லியில் அது ஏறக்குறைய தீர்ந்துபோகும். இந்தப் பிள்ளை எடை குறைந்தது, தேற வேண்டியது, அதனால் கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் கொடுப்போம் என்று நினைத்தால் மாவுச்சத்துக்கு மிச்சம் 4 கிராம். அதை வைத்து ஒரு கைப்பிடி வெண்டைக்காய்க்கும் கணக்கு வராது. விகிதத்தை மூன்றுக்கு ஒன்றாக இறக்கினால் அதே 1000 கலோரியில் 21 கிராம் புரதமும் 11 கிராம் மாவுச்சத்தும் அடங்கும். மெலிந்த பிள்ளைக்கு விகிதத்தை இறக்குவதற்குத் தயங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். சிறுநீரில் நனைக்கும் கீட்டோன் பட்டை கருஞ்சிவப்பாகவே மாற வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்பது பிள்ளையின் எலும்பில் போய் முடியும்.

விகிதமே இல்லாத வழியும் வந்துவிட்டது. 2003இல் ஹாப்கின்ஸின் எரிக் கோசாஃப் அறிமுகப்படுத்திய மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவில் தராசு கிடையாது, புரதத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. மாவுச்சத்து மட்டும் நாளுக்கு 10 கிராமில் தொடங்கிக் கொஞ்சம் கூடலாம். 2005இல் பாஸ்டனில் வந்த மெதுச் சர்க்கரை உணவு இன்னும் தாராளம்: 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றாத வகையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் உலகத்துக்குச் சோதித்துக் காட்டியதில் டெல்லிக்குப் பெரிய பங்கு. சுவாசினி சர்மா, ஷெஃபாலி குலாட்டி முதலானோர் 102 குழந்தைகளிடம் நடத்திய 2013ஆம் ஆண்டு ஆய்வில், அட்கின்ஸ் உணவு சாப்பிட்டவர்களில் 52 சதவீதத்துக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 11.5 சதவீதம். 2020இல் எய்ம்ஸ் 170 குழந்தைகளை வைத்து மூன்று உணவையும் மோதவிட்டது. 24 வாரத்தில் வலிப்பு குறைந்த அளவு: பழைய கீட்டோவில் 66 சதவீதம், அட்கின்ஸில் 45, மெதுச் சர்க்கரை உணவில் 54. மற்ற இரண்டும் கீட்டோவுக்குச் சளைத்தவையல்ல என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. ஆனால் பக்கவிளைவு முதல் இரண்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது, மெதுச் சர்க்கரை உணவில் மூன்றில் ஒருவருக்குத்தான். வளர்ச்சியையும் தட்டில் வைத்துப் பார்த்தால், இரண்டு வயது தாண்டி, வாயால் சாப்பிடுகிற பிள்ளைக்கு நம் பக்கத்தில் முதலில் எடுக்க வேண்டியது கட்டுப்பாடு தளர்ந்த இந்த இரண்டு உணவுமுறைகளில் ஒன்றைத்தான். கைக்குழந்தைக்கும், குழாய் வழியாக உண்பவர்களுக்கும், குளூட்-1க்கும் பழைய கீட்டோவே சரி.

சர்மாவின் இன்னொரு ஆய்வு நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். எழுதப் படிக்க அதிகம் வராத பெற்றோருக்காக, கிராம் கணக்கில்லாமல் வீட்டுக் கிண்ணம், கரண்டி அளவிலும் படங்களாலும் அட்கின்ஸ் உணவை எளிமையாக்கிப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள், வேலை செய்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களே வேலை பார்க்கிறார்கள். கம்பெனி பஸ் காலையிலேயே வந்துவிடும். பகலில் பிள்ளைக்குச் சோறூட்டுவது ஆயாவோ நானியோ. டயட் சார்ட்டில் கையெழுத்துப் போட்டவள் ஒருத்தி, ஊட்டுகிறவள் வேறொருத்தி. புள்ள ஏங்குதே என்று டீயில் தோய்த்த ஒரு பொறையைக் கொடுத்துவிட்டால் அன்றைய கணக்கு உடைந்தது. டயட்டீஷியன் முதல் நாளே ஆயாவையும் உட்காரவைத்துப் பேசாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

அதே சமயம் இந்தப் பகுதிக்கு ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. இங்கே அநேக வீடுகளில் கறி சாப்பிடுவார்கள். முஸ்லிம், தலித் வீடுகளில் மாட்டுக்கறி சகஜம். அது ஆட்டுக்கறியைவிட மலிவு. மாவுச்சத்து இல்லாத நல்ல புரதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சைவ வீட்டில் நிலைமை வேறு: 30 கிராம் துவரம்பருப்பில் ஆறேழு கிராம் புரதம் கிடைத்தாலும் பதினைந்து கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் கூடவே வந்துவிடும். பனீர், சேர்ப்பவர்களாக இருந்தால் முட்டை, மிதமாக மல்லாட்டை என்று சுற்ற வேண்டியதுதான். கறி சாப்பிடும் வீட்டில் சிக்கல் பிரியாணி. கறித்துண்டை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பார்கள். சீரகச் சம்பா அதில் ஒட்டிக்கொண்டுதான் வரும். தம் போடுவதற்கு முன்பே பிள்ளைக்கு நாலு துண்டு எடுத்து வைத்துவிட வேண்டும், வெங்காயமும் தக்காளியும் வழித்துவிட்டு.

ஆட்டுக்கால் சூப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு வளரும், உயரம் வரும் என்று ஊட்டுகிறார்கள். அதில் கரைந்திருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். உடம்பு கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் ஒன்று அதில் இல்லவே இல்லை. கால்சியமும் சொற்பம். குடிக்கட்டும், தப்பில்லை. புரதக் கணக்கில் மட்டும் சேர்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதை. எம்.சி.டி. எண்ணெய்க்குப் பதில் அதையே ஊற்றலாம் என்று பேச்சு உலவுகிறது. எளிதில் கீட்டோனாக மாறும் இரண்டு அமிலங்கள் அதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இராது.

அரசு போடும் சாப்பாடு பெரும்பாலும் தானியம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, பொங்கல், கிச்சடி, அங்கன்வாடியில் சத்துமாவு, ரேஷனில் அரிசி. மற்றப் பிள்ளைகளை வளர்க்கிற இந்த ஏற்பாடு இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆகாது. மதிய உணவின் முட்டை ஆகும். சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு கடிதம் கொடுத்துவைத்தால் சோற்றை விட்டு முட்டையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பள்ளியில் தனித் தட்டோடு உட்காரும் பிள்ளையின் மனசு வேறு விஷயம்.

உணவில் குறைவதை மருந்தாகத் தர வேண்டும் என்பதில் 2018இன் சர்வதேசப் பரிந்துரைகள் தெளிவாக இருக்கின்றன: கால்சியம், வைட்டமின் டி, மல்டிவைட்டமின் மாத்திரை எல்லாருக்கும். செலினியம் குறைந்து இதயத் தசை பாதித்த அபூர்வ நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இதில் நம் ஊர்ப் பொறி ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு எழுதும் டானிக்குகள் சர்க்கரைப் பாகில் கரைத்தவை. காய்ச்சல் சிரப், இருமல் சிரப், சில வலிப்பு மருந்துகளும் அப்படியே. மாத்திரையாக வாங்கிப் பொடித்துக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட்டால் கீட்டோன் இறங்கி வலிப்பு திரும்பலாம். சர்க்கரை உண்மையிலேயே ஆபத்தாக இறங்கியிருந்தால் மட்டும் அது வேண்டும். கீட்டோ உணவில் இருக்கும் பிள்ளை என்று எழுதிய அட்டை ஒன்று அம்மாவின் பையில் எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீரையும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். இந்த உணவில் இருக்கும் குழந்தைகளில் சுமார் இருபதில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வருகிறது; டோபிராமேட் போன்ற மருந்தும் சேர்ந்தால் கவலை கூடும். ஒரு காலத்தில் தண்ணீரைக் குறைத்தால் கீட்டோன் கூடும் என்று நம்பிக் கட்டுப்படுத்தினார்கள். அது கைவிடப்பட்ட பழக்கம். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரி தாண்டும் வேலூரில் அதைச் செய்தால் கல் வரும் ஆபத்து இன்னும் ஏறும். தாராளமாகத் தண்ணீர், கூடவே பொட்டாசியம் சிட்ரேட். ஹாப்கின்ஸில் எல்லாருக்கும் சிட்ரேட் கொடுக்கத் தொடங்கியதும் கல் வருவது நூற்றுக்கு ஒன்றாக இறங்கியது. சிட்ரேட் அமிலத்தையும் தணிக்கும் என்பதால் எலும்புக்கும் நல்லது என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, வளர்ச்சி குறைகிறதா என்று யாருக்குத் தெரியப்போகிறது? அளந்தவர்களுக்குத்தான். வலிப்பு டைரியைக் கேட்காத டாக்டர் இல்லை. உயரத்தைப் பெரும்பாலும் நர்ஸ் செருப்போடு நிறுத்தி எழுதிவிடுவார். உணவு தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தின் எடையும் உயரமும் கையில் இருந்தால்தான், பின்னால் வரும் சரிவு உணவுடையதா நோயுடையதா என்று பிரிக்க முடியும். அங்கன்வாடி வளர்ச்சி அட்டையைத் தேடி எடுத்து வரச் சொல்வது இதற்காகவே. பல வீடுகளில் அது பீரோவில் பத்திரமாக இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிற்க முடியாத பிள்ளைக்கு முழங்கால் உயரத்தையோ மேற்கை நீளத்தையோ ஒவ்வொரு முறையும் அதே பக்கத்தில் அளக்கலாம். உணவு தொடங்கி ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, பிறகு முதல் வருடம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது பரிந்துரை. எடை நின்றுபோனால் முதலில் கலோரியைக் கூட்டு. எடை கூடியும் உயரம் நின்றால் புரதத்தைக் கூட்டி விகிதத்தை இறக்கு. அப்போதும் நின்றால், வலிப்புக்குப் பலன் எவ்வளவு என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசு. மூன்று மாதத்தில் பலனே இல்லாத பிள்ளையை வருடக்கணக்கில் இந்த உணவில் வைத்திருப்பதற்கு நியாயமே இல்லை.

பலன் தெரிந்தவர்களுக்கு வழக்கமாக இரண்டு வருடம். குளூட்-1 குழந்தைகளுக்கு மட்டும் அது பருவ வயதையும் தாண்டி நீளும். நிறுத்தும்போது பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் எடுத்து, கரண்டி கரண்டியாகச் சோற்றைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். நிறுத்தியபின் எடை சீக்கிரம் தேறிவிடும், உயரம் மெதுவாகவே எட்டிப் பிடிக்கும், சிலருக்கு முழுதாக எட்டாது. அதனால் உணவு முடிந்த அன்றே அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிடக் கூடாது. வலிப்பு நின்ற மகிழ்ச்சியில் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போகிற அடுத்த ஒரு வருடத்தில்தான் பிள்ளைக்குக் கூடுதல் புரதமும் கால்சியமும் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்க வேண்டும். அதைச் சி.எம்.சி.க்கு வந்துதான் பார்க்க வேண்டும் என்றில்லை. பேர்ணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ உள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில், சுவரில் நேராக அடித்த அளவுகோல் ஒன்றும் செருப்பைக் கழற்றச் சொல்லும் நர்ஸ் ஒருவரும் இருந்தால் போதும்.